பார்சலில் இல்லாத மாத்திரை

திருவண்ணாமலை

அன்பு மகள் நூரைனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் காவலில் நாங்கள் இங்கே நாளைத் தள்ளுகிறோம், ஷார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் துஆ. உன் சித்தப்பா மகன் அப்ரோஸ் கொண்டுவரும் பார்சலில் முறுக்கும் மசாலாப் பொடியும் இருக்கும், நீ கேட்ட நெஞ்செரிச்சல் மாத்திரை மட்டும் இருக்காது. உன் அத்தா ஆசையாக வாங்கி வைத்ததை நான்தான் எடுத்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி, போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய்.

என் களைப்பு உனக்குத் தெரியும். தைராய்டு மாத்திரையைத் தவறாமல் போட்டும் வெங்காயம் நறுக்கினால் படுக்க வேண்டியிருக்கிறது. "வயசாகுதில்ல மெஹ்ரு" என்று சொல்லிவிட்டு அத்தா கடைக்குப் போய்விடுகிறார், அவருக்கு மட்டும் வயது குறைகிற மாதிரி. வேங்கிக்கால் டாக்டர் சிவப்பிரியா மாத்திரை அளவைக் கூட்டிக் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை. போன வாரம் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் பாதி வழி நடந்தே போய்ச் சேர்ந்தால், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "மாத்திரையே போடாதவங்க ரத்தம் மாதிரி இருக்கும்மா, ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நெஞ்சு எரிந்தது, அவர் கண்ணெதிரிலேயே பையிலிருந்து எரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து மென்றேன். இது என்ன என்றார். இதெல்லாம் மருந்தா டாக்டர், மளிகையோட வாங்கறதுதானே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நோன்பில் நம் வீட்டு வழக்கம் தெரியுமே, பகலில் எதுவும் வாயில் படக்கூடாது என்று விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு முடிகிற நேரத்தில் தைராய்டு, கால்சியம், எரிச்சல் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வோம். நோன்பு முடிந்தும் எனக்கு அந்தப் பழக்கம் முடியவில்லை. அதைக் கேட்டதும் டாக்டர் விளக்கினார், எரிச்சல் மாத்திரையும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். இத்தனை நாள் விழுங்கியதில் பாதி வீண். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரையை மட்டும் போட வேண்டும், மற்றதெல்லாம் நாலு மணி நேரம் தள்ளித்தான், அடிக்கடி எரிந்தால் கடையில் வாங்கித் தின்னாமல் வந்து காட்ட வேண்டும், நோன்பு வந்தால் எதை எப்போது போடுவது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

நீயும் தைராய்டு மாத்திரை போடுகிறவள். மாசமானதிலிருந்து எரிச்சல் ஜாஸ்தி, காலையில எல்லாத்தையும் சேர்த்தே போட்டுடறேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ போடும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மாத்திரையை அப்படித்தான் தடுக்குமாம். நீயாக எதையும் நிறுத்தாதே, கூட்டவும் வேண்டாம். கடையில் வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துப்போய் உன் டாக்டர் மேசைமேல் வை. நான் களைத்தால் போய்ப் படுத்துக்கொள்வேன் கண்ணு, உன் வயிற்றில் இருக்கிற பிள்ளை எங்கே போய்ப் படுக்கும், அதற்கு இருப்பது நீ ஒருத்திதானே.

அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் காவலில் வைக்கட்டும். இதைப் படித்த கையோடு டாக்டருக்குப் போன் போடு, பேசி முடித்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

உன் அம்மா
மெஹ்ருன்னிசா