மூடியைச் சுற்றிப் போகும் பாதை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. மகளுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. நாளெல்லாம் நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். உங்கள் சுகத்தை இந்த முறை நான் விசாரிக்கவில்லை. அது தெரிந்துவிட்டது. எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சங்கடமான பேச்சு வந்தால் நீங்கள் போனில் இருமுவீர்கள். இருமி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். அதனால் காகிதம்.

முதலில் தோட்டம். வழக்கமாக அதில்தானே தொடங்குவேன்.

சமையலறைக் கதவுக்கு நேரே வளைத்துக் கட்டிய பந்தலில் அவரை பூத்துவிட்டது. கூடவே சங்குப்பூவையும் ஏற்றியிருப்பதால், எது சமையலுக்கு, எது கண்ணுக்கு என்று எட்ட நின்று பார்த்தால் தெரியாது. சிவப்புக் கீரையும் பச்சைக் கீரையும் கட்டம் கட்டமாக எழும்பியிருக்கின்றன. பறிக்கும்போது அழகு கெடாமல் இருக்க மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பறிக்கிறேன். "கீரை பறிக்கவும் ஸ்கேல் வெச்சுக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்கிறார் அத்தை. கத்தரிக்காயின் காலடியில் செண்டுமல்லி நட்ட அன்று, "பூவையா ஆக்கிப் போடப் போறே எம் புள்ளைக்கு?" என்று கேட்டவர். இப்போது யார் வந்தாலும் அவரேதான் முன்னால் நடந்து சுற்றிக் காட்டுகிறார்.

செங்கல் பாதை நேராகப் போய் ஓரிடத்தில் இடது பக்கம் வளைகிறது. அங்கே செப்டிக் டேங்க் மூடி. அதை நகர்த்த முடியாது, பாதையைத்தான் நகர்த்த முடியும். உங்களுக்கு அனுப்பிய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் போட்டேன். என்னவென்று எழுதவில்லை. நம் வீட்டில் அது என்ன என்று உங்களுக்குத் தெரியாதா.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த வரைபடத்தை நீங்கள்தான் கேட்டீர்கள். "போட்டோ வேணாம், பேப்பர்ல அனுப்பு. கையில வெச்சுப் பாக்கணும்" என்றீர்கள். நான் அன்றைக்கு அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன்.

பிறகு எவ்வளவு கேள்விகள். பாத்தி எத்தனை அடி அகலம், நடுவில் கால் வைக்காமல் கை எட்டுமா. மிளகாயை ஓரத்தில் வைத்தால் வேலி மாதிரி இருக்குமா. வெண்டைக்குப் பக்கத்தில் என்ன ஆகும், என்ன ஆகாது. இருபது வரிக்கு மேல் எழுதத் தெரியாத மனிதர் மண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரு முறை, காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் என்ன நடலாம் என்று கேட்டீர்கள். நம் பின்பக்கத்தில் காலை வெயிலே கிடையாது. மூன்று மணிக்கு மேல்தான் வரும், மேற்கிலிருந்து, முகத்தில் அறைந்த மாதிரி. பாவம், வீட்டின் திசையே மறந்துபோகிற அளவுக்கு உழைக்கிறார் என்று நினைத்தேன். நான்கு திசையும் குறித்து மறுபடி வரைந்து அனுப்பினேன். கூடவே காலை வெயிலுக்கு ஆகிற செடிகளின் பட்டியலும். கேட்டுவிட்டீர்களே என்று.

போன ஞாயிறு உங்களோடு வேலை செய்யும் தாடிக்காரர் வந்திருந்தார். லீவில் வந்தாராம். நீங்கள் மகளுக்குக் கொடுத்துவிட்ட செருப்பைக் கொடுத்தார். டீ குடித்துக்கொண்டே சமையலறைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "அட, அண்ணி! அங்க அண்ணன் வீட்டுத் தோட்டம் அச்சு அசல் இதேதான்!" என்று சிரித்தார்.

நான்கு பேரோடு ஒரே அறையில் இருக்கிறவருக்கு ஏது தோட்டம் என்று கேட்டேன். அவர் அதற்குள் போனை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "இல்ல அண்ணி, அது வந்து... கம்பெனி வீடு" என்றார். டீ பாதியில் நின்றது.

நான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நிதானமாகப் பார்த்தேன்.

பந்தல், கீரைக் கட்டங்கள், கத்தரியும் செண்டுமல்லியும். கிழக்கிலிருந்து வெயில். நன்றாகத்தான் வந்திருக்கிறது. நம்முடையதைவிடப் பசுமை.

பாதையும் அதே இடத்தில் வளைந்திருந்தது. மூடி எதுவும் இல்லை. நான் போட்ட வட்டத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறீர்கள். எதற்காக வளைகிறோம் என்று தெரியாமல் தினமும் அதைச் சுற்றி நடக்கிறீர்கள், இரண்டு பேரும். அவள் கையில் கூடை இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

அத்தையிடம் சொல்லவில்லை. மகளிடமும் இல்லை. செருப்பு இரண்டு விரல் சிறியது. அடுத்த தெருப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் ஒரு வீடு வைத்திருப்பதைக்கூட எப்படியோ விழுங்கிவிடுவேன் போலிருக்கிறது. அந்தக் கேள்விகளை விழுங்க முடியவில்லை. பதில் எழுதிய ஒவ்வொரு இரவும் நான் உங்களோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்தேன்.

இனி உங்கள் கடிதத்துக்குப் பதில் வராது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

வரைபடத்தில் சுவரோரமாக இளஞ்சிவப்பில் ஒரு வரிசை போட்டிருந்தேன், அரளி. இங்கே அது மூன்று மாதம்தான் இருந்தது. மகள் அதன் இலையைக் கிள்ளிச் சொப்பில் போட்டுச் சமைத்து விளையாடினாள், வாயில் வைக்கப் போனாள். அன்றே வேரோடு எடுத்துவிட்டேன். அது அத்தனையும் விஷம். இலை, பூ, குச்சி எல்லாம். உங்களுக்கு எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

தாடிக்காரர் போனில் கடைசிப் படத்தில் அரளி வரிசையின் முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செடியின் உயரமே இருக்கும் ஒரு சின்னத் தலை. கை பூவுக்கு நீண்டிருந்தது.

கடிதம் கிடைத்த அன்றே பிடுங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது. உதிர்ந்த இலையைக் கூட்டிப் பொறுக்குங்கள். அந்த இடத்தில் புதினா வையுங்கள், காலை வெயில் போதும். வாயில் போட்டாலும் ஒன்றும் செய்யாது.

பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வட்டம் போட்டவள்