கறுப்பு ஸ்க்ரூ

ஜூலை 15, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். ஆறரைக்கெல்லாம் தி.நகர். ஜவுளிக்கடை திறப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஆடித் தள்ளுபடி நேரம், பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நாலு பேர் மண்டை உடையும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் புகையை வெளியே தள்ளும் பெரிய ஃபேன். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ். தீ அலாரம் அடித்தால் ஃபேன் முழு வேகத்துக்குப் போக வேண்டுமாம். ஃபேன் ஓடுகிறதா என்று மேலே ஆபீஸில் விளக்கு எரிய வேண்டுமாம். டிரைவில் வயர் மாட்டுகிற டெர்மினல் எல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. கூடுதல் போர்டு ஒன்று உள்ளே செருகினால்தான் புது வயருக்கு இடம்.

கரண்டை நிறுத்திவிட்டு, டிரைவுக்குள் மிச்சம் நிற்பது வடியட்டும் என்று காத்திருந்தோம். அதற்குள் பஷீர் போய் டீ வாங்கி வந்தான். பாலிடெக்னிக்கில் பக்கத்து இடம், இப்போது தொழிலில் பார்ட்னர், எனக்கு சுகர் என்பது மட்டும் மண்டையில் ஏறாது. கேட்டால், "ஒரு நாளு குட்ச்சா செத்துர மாட்ட சாமி."

போர்டு சுலபமாக உட்கார்ந்தது. அலாரம் வயர் வந்து சேராததால் அந்த இடத்தில் ஒரு துண்டு வயரை வளைத்து லிங்க் போட்டு, தீ எதுவும் இல்லை என்று டிரைவை நம்பவைத்து ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. அப்புறம் அலாரம் வயரும் இறங்கியது. அதே டெர்மினலில் மாட்டிவிட்டு நான் மேலே போனேன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, பஷீர் போட்டது. லிங்க் போட்டவன் டிரைவ் மூடியின் ஸ்க்ரூ ஒன்றைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். லிங்க்கை எடுத்த பிறகுதான் அதை வெளியே எடுக்கலாம். ஸ்க்ரூ குறைந்தால் மூடும்போது தெரிந்துவிடும்.

மேலே மேனேஜர் ஒரே கத்தல், ஷட்டர் தூக்க நேரமாகிவிட்டதாம். அந்தச் சமயம் பார்த்துப் பஷீர் கீழிருந்து போன். மூடலாமா என்றான். எல்லாம் முடிஞ்சுது, மூடுடா என்றேன். அலாரம் அடித்துப் பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை ஒத்திகை இருக்கிறதே.

வாங்க: இன்சுலேஷன் டேப், வயர் நுனிக்குச் சின்ன லக்கு, பீர்க்கங்காய்.

ஜூலை 18, வெள்ளி

மானம் போயிற்று.

ஒத்திகைக்குப் பேஸ்மென்டில் புகை போட்டார்கள். அலாரம் காது கிழிய அடிக்கிறது. ஃபேன் மட்டும் மதியத் தூக்கத்தில் இருப்பது மாதிரி மெதுவாகவே ஓடுகிறது. பார்க்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இருமல் நிற்கவில்லை, கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனார்கள். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

பஷீர் மூடியைக் கழற்றினான். உள்ளே அலாரம் வயருக்கு அடியில் அந்த லிங்க். அது இருக்கிற வரை தீப்பிடித்தாலும் டிரைவுக்குத் தெரியாது.

கத்திவிட்டேன். எத்தனை வாட்டி சொல்றது, மூடறதுக்கு முன்னாடி பார்க்கமாட்டியா, உன்னால என் பேரும் கெடறது. கடை ஆட்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பஷீர் லிங்க்கை எடுத்தான், மறுபடி அலாரம் அடிக்கச் சொன்னான், ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. மூடியை மாட்டினான். மூன்று ஸ்க்ரூ வெள்ளை, ஒன்று கறுப்பு. பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனி என்றால் நாலடி தள்ளி, அவ்வளவுதான். இனிமே இந்த ஆளை இங்க கூட்டிண்டு வராதீங்க என்றார். சரி சார் என்றேன்.

வெயிலில் வந்ததோ என்னவோ, மாலை முழுக்கத் தலைவலி.

ஜூலை 19, சனி

பஷீர் போன் எடுக்கவில்லை. இரண்டு தரம் அடித்தேன், அதோடு விட்டேன். தப்பு செய்தவனுக்கு ரோஷம் வேறா?

சாயங்காலம் நல்ல மழை. கோயில் குளத்தங்கரைப் பக்கம் ஆட்டோ கிடைக்காமல் நனைந்தேன். வீட்டுக்கு வந்ததும் வைதேகி, எல்லாத் துணியையும் நாளைக்கு மெஷினில் போடுகிறேன் என்றாள். பெண்ணுக்கு டியூஷன் ஃபீஸ் கட்ட மறந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

இதை எழுதவே கை வரவில்லை.

வைதேகி ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஏன்னா, மெஷின் கடகடன்னு அடிச்சுண்டே இருக்கேன்னு பார்த்தா, உங்க நீலச் சட்டைப் பாக்கெட்ல இது இருக்கு." உள்ளங்கையில் ஒரு வெள்ளை ஸ்க்ரூ.

செவ்வாய்க்கிழமைச் சட்டை. லிங்க் போட்டது நான். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானே வளைத்துப் போட்டது இப்போது கண்முன் நிற்கிறது. ஸ்க்ரூ பையிலேயே இருக்கும்போது, முடிஞ்சுது மூடு என்று சொன்ன வாயும் என் வாய்தான்.

மத்தியானம் பஷீருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

கடை மேனேஜருக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, பஷீர்மேல் ஒன்றுமில்லை என்றேன். யாரோடதா இருந்தா என்ன சார், இப்போ ஃபேன் ஓடறதோன்னோ என்றார். அங்கே வாடிக்கையாளர் யாரோ புடவைக்குச் சண்டை, வைத்துவிட்டார்.

பிறகு சைதாப்பேட்டை. பஷீர் வீட்டில்தான் இருந்தான். கட்டிலின் மேல் திறந்த பெட்டி, மடித்த துணி. அவன் மனைவி மெஹர் டீ கொண்டு வந்தாள். சர்க்கரை இல்லை. உங்களுக்கு ஆவாதுன்னு அவரு எப்பவோ சொல்லிகீறாரு அண்ணே என்றாள்.

ஸ்க்ரூவைக் கட்டிலில் வைத்தேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவன் கையால் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"அன்னிக்கே தெரியும் சாமி. மூடசொல்லோ ஒண்ணு கொறையுது. உன் பாக்கெட்ல கீதுன்னுதான் போன் போட்டேன். நீ முடிஞ்சுதுன்ட்ட. உன் வார்த்தைய விட ஸ்க்ரூவா பெர்சுன்னு என் பையில இருந்த கறுப்ப போட்டு மூடிட்டேன்."

வெள்ளிக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவ்வளவு பேர் எதிரில் உன்னையா காட்டிக் கொடுப்பது என்றான். என்னை மன்னித்துவிடு என்றேன். 

இன்னொரு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

"லிங்க் மறந்தது மேட்டரே இல்ல. நானும் மறந்துகீறேன். திட்டுனதும் வுடு, எத்தினி வாட்டி திட்டிகீற. அந்தாளு இவன இட்டுனு வராதன்னான், என் காதுல வுழுது. நீ சரின்ட்ட."

ஓசூரில் அவன் மச்சானுக்குச் சொந்தமாக எலெக்ட்ரிக் பேனல் செய்யும் பட்டறை. வா வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறார், சாமிய வுட்டு எங்க வர்றது என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை ராத்திரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். வியாழக்கிழமை பஸ்.

போகாதே என்று சொன்னேன். வாக்குக் கொடுத்துட்டேன் சாமி என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பேன். வாசல் வரை வந்து, சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடு என்றான்.

ஜூலை 23, புதன்

பஷீரிடம் இருந்த என் மல்டிமீட்டர் வந்து சேர்ந்தது. மெஹரின் தம்பி கொடுத்துவிட்டுப் போனான். புது பேட்டரி போட்டு அனுப்பியிருக்கிறான்.

வைதேகி, நீங்க அன்னிக்கே அந்த மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே என்றாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. என்ன பெரிய ஜவுளிக்கடை, போனால் போகிறது.

ஜூலை 24, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. அடையாறில் ஃபிளாட் ஒன்று. தண்ணீர் பம்ப் டிரைவுக்குக் கூடுதல் போர்டு. தொட்டி நிரம்பினால் நிற்க வேண்டும், கிணறு வற்றினாலும் நிற்க வேண்டும். அதே மாதிரி வேலை, தனியாக.

கரண்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். டீ வாங்கப் போகத் தோன்றவில்லை. போர்டை மாட்டி, லிங்க் போட்டு, ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டேன். இந்நேரம் பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்த்தேன். லிங்க்கை எடுத்தேன். எடுத்துவிட்டேனா என்று மறுபடி பார்த்தேன், மறுபடியும். ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷம், "மூடலாமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, என்னையா சார் கேட்டீங்க என்றார்.