அம்மாவின் தையலும் ஆஸ்பத்திரிக் காற்றும்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா முக்கால் பங்கு நலம், மீதிக் கால் பங்கை ஆஸ்பத்திரி இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், வார்டே எழுந்து உட்கார்ந்து கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

குடலில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. அதோடு ஒரு சாண் குடலும் போயிற்று. ஆபரேஷனில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் கொடுத்தார்கள் என்று நர்ஸ் புத்தியோடு கேட்டிருந்தாய். எண்பது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா, வாசலிலேயே ஆளுயரப் பலகை நிற்கிறது. குடல் ஆபரேஷனுக்கு எண்பது சதவீத ஆக்சிஜன், தையலில் சீழுக்கு இடமில்லை என்று எழுதி, பக்கத்தில் பெரிய டாக்டர் கைகட்டிக்கொண்டு சிரிக்கிறார். அதனால் பலன் உண்டா இல்லையா என்று டாக்டர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள் என்று நீ சொன்னாய். இங்கே சண்டையே இல்லை, பலகை அடித்தாகிவிட்டது.

தியேட்டருக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. வெளியே கொண்டுவந்த பிறகும் இரண்டு மணி நேரம் மாஸ்க் வைத்து அதே ஆக்சிஜன் கொடுக்க வேண்டுமாம், வைத்தார்கள். முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் சிலிண்டரோடு குடித்தனம் நடத்தியவன் நான். காற்று போகும் சத்தமே காதில் விழவில்லை. எட்டிப் பார்த்தால் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. கால் மணிக்கு ஒரு தரம் பார்த்து டிக் போடவேண்டிய தாளில் சாயங்காலம் வரைக்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார் நர்ஸம்மா. நாற்பது கட்டிலுக்கு ஒரே ஆள், அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது. சார், இது காலிங்க என்று வார்டு டாக்டரிடம் சொன்னேன். தாள்ல எண்பதுன்னு இருக்குல்ல, நீங்க டாக்டரா நான் டாக்டரா என்றார். கையைத் துடைத்துக்கொண்டு நானே வேறு சிலிண்டரை மாட்டினேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல். தையல் சிவந்து சீழ் வைத்துவிட்டது. இரண்டு தையலைப் பிரித்துக் கழுவினார்கள், அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். பெரிய டாக்டர் மாணவர் கூட்டத்தோடு வந்து, வீட்டுல சுத்தமா இருக்க மாட்டீங்களா என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கே இன்னும் போகலீங்க என்றேன். காலி சிலிண்டரால்தான் சீழ் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு படிப்பில்லை. ஆனால் அவர் கையை நான் தினமும் பார்க்கிறேன். முதல் கட்டிலில் புண்ணைத் தொட்டுப் பார்ப்பார், அதே கையோடு இரண்டாவது, மூன்றாவது. அம்மா பதினோராவது கட்டில்.

மறுநாள் அவர் கட்டுத்துணியில் கை வைக்கப் போனபோது அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். உன் அம்மாவை உனக்குத் தெரியும், வயிற்றுவலியைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்கிறவள். கையக் கழுவிட்டுத் தொடுங்கய்யா, இன்னொரு தரம் சீழ் வச்சா நான் பொழைக்க மாட்டேன் என்றாள். ஒரு மாணவிக்குச் சிரிப்பு வந்து இருமினாள். பன்னிரண்டாவது கட்டில் காய்கறிக்காரம்மா, எனக்கும் அதே கதைதான், இப்பவே சொல்லிட்டேன் என்று தன் போர்வையையும் இழுத்துக்கொண்டார். பெரிய டாக்டர் முகம் சிவக்கக் குழாயடிக்குப் போனார். அங்கே சோப்பு இல்லை. மூணு மாசமா எழுதிக் கேட்டுக்கிட்டே இருக்கோம் சார் என்றார் நர்ஸம்மா. கடைசியில் அம்மா குளிக்கும் சோப்பைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துடைக்கத் துணியில்லாமல் கையை உதறிக்கொண்டே வந்து, புதுக் கையுறை மாட்டித்தான் தொட்டார்.

மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை. புண் அடியிலிருந்து சதை பிடித்து வருகிறது, இன்று கட்டுத்துணி காய்ந்தே வந்தது. நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை, காலையில் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: சேர வரும் நோயாளிகள் தட்டு, டம்ளர், போர்வை, டாக்டர் உபயோகத்துக்குச் சோப்பு ஒன்று தவறாமல் கொண்டுவரவும். படித்துக் காட்டினேன். அம்மா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்க வைத்ததற்கு என்னைத் திட்டினாள்.

லீவு போட்டு ஓடி வராதே, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. நோய் நொடி உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காமல் நல்லபடியாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நர்ஸ் வேலை பார்க்கும் நீயும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். உன் வார்டில் இருக்கும் எல்லாருக்கும் உன் அம்மாவைப் போல வாய் திறக்கத் தைரியம் வராது. அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே கையைக் கழுவிக்கொள்.

பதினோராவது கட்டிலோரத்திலிருந்து,
உன் அப்பா