புரொப்பெல்லரை ஒளித்தது நான்தான்

சண்டை பிடிக்க எனக்கு ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன அண்ணைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் ஸ்பிட்ஃபயரின் புரொப்பெல்லர் என்னிடம்தான் இருந்தது.

துபாய்ப் பக்கத்து அஜ்மான் ரூமில் எங்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது வெள்ளிக்கிழமை லீவு ஒன்றுதான். அதையும் துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற அந்தப் பிளாஸ்டிக் போர் விமானத்துக்குக் கொடுத்தீர்கள். ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் படித்துவிட்டு, உலகப் போரில் அந்த விமானத்தை ஓட்டிய செக்கோஸ்லோவாக்கியக்காரர்களைப் பற்றியே பேச்சு. தங்கள் நாட்டை ஜெர்மன்காரன் பிடித்ததும் எல்லை தாண்டி, போலந்து, பிரான்ஸ் என்று அலைந்து, இங்கிலாந்தில் பாஷை சரியாகத் தெரியாமலே பறந்தவர்கள்.

"நாடில்லாதவனை நம்பிப் பிளேன் குடுத்திருக்கிறாங்களடா!" என்பீர்கள்.

எனக்கு எரியும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாதவன்தானே நானும்? பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னை ஒரு நாளாவது அப்படி வியந்தீர்களா? மீட்டர் திருத்துகிற கை என்னுடையது. ஒரு இறக்கை ஒட்டக்கூடக் கூப்பிடவில்லை.

அதனால் எடுத்தேன். என் டூல் பொக்ஸின் அடித்தட்டில், ஃபியூஸ் டப்பாவுக்குள் போட்டேன். இரண்டு வெள்ளி கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினீர்கள். "மாஃபி, வாங்கின பெட்டியிலேயே இல்லைப் போல" என்றேன், முகம் மாறாமல். மூன்றாம் வெள்ளி நீங்கள் தேடவில்லை. விமானத்தை நைலோன் நூலில் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

"மூக்கு மொட்டையா இருக்கே, அண்ணை?"

"எடேய், பறக்கேக்க சுத்துற புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியுமே? ஓடிக்கொண்டிருக்கடா. கலாஸ், கதை முடிஞ்சுது!"

அதிலும் நீங்கள்தான் வென்றீர்கள்.

ஷார்ஜாவுக்கு டியூட்டிக்குப் போன உங்கள் பஸ் கவிழ்ந்து, நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. நேற்று ஃபியூஸ் தேவைப்பட்டு டப்பாவைத் திறந்தேன். நான் ஒளித்தபோது வெறும் பிளாஸ்டிக்காக இருந்த புரொப்பெல்லரின் நுனிகளில் மஞ்சள் பெயின்ட். நிஜ விமானத்தில் போலவே, ஒரு சொட்டும் வழியாமல். எப்போது கண்டுபிடித்தீர்கள்? பூசிவிட்டு ஏன் அங்கேயே திருப்பி வைத்தீர்கள்? ஒரு அறை விட்டிருக்கலாமே, அண்ணை?

மன்னிப்பதிலும் என்னை முந்த வேண்டுமா? இப்போதும் எரிகிறது.

உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் பலரைச் சில வருடத்தில் சொந்த நாடே சிறையில் போட்டதாம். இதை மட்டும் ஏன் எனக்குச் சொல்லவில்லை? "ஆமிக்காரர் பொடியளைப் பிடிக்கிறாங்கள், இப்ப வராதை" என்றுதான் அம்மாவும் எழுதியிருக்கிறா.

புரொப்பெல்லரை இப்போது ஒட்டமாட்டேன். ஒட்டினால் அது கண்ணுக்குத் தெரியும், விமானம் நின்றுவிடும். எங்கள் வீட்டு முற்றத்தில் பயமில்லாமல் கால் வைக்கிற அன்று, அம்மாவுக்கு முன்னால் ஒட்டுவேன். அதுவரை ஓடட்டும்.

பொறாமை தீராத,
உங்கள் ஒரே தம்பி