பூங்கார் நெல்லும் நண்டுப் பெட்டியும்

பூதலூர்,
ஐப்பசி, புதன்கிழமை.

என் தங்கம் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் கன்றும் அடைமழையில் ஊறிப்போய் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை பரிதியும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், போனில் நீ சொல்வதில் பாதி காற்றோடு போய்விடுகிறது. என்ன இது, அம்மா கடுதாசி எழுதுகிறாளே, என்ன ஆபத்தோ என்று பயந்துவிடாதே. ஹமீதா பானு அக்கா மகன் இர்பான் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திருச்சியில் பிளேன் ஏறுகிறான், உனக்கு நாரத்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்பும்போது இதையும் பைக்குள் வைத்துவிடுகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம். உங்க அப்பாதான் நான் போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்கிறாரே, அவர் காதில் விழாமல் எதைப் பேசுவது. அவர் வயலுக்குப் போகிற நேரத்தில் நீ ஆபீசில் இருக்கிறாய். மெசேஜாக அடிக்கலாம் என்றால் என் கட்டை விரலுக்கு இவ்வளவு நீளம் வராது.

விஷயம் அந்த நெட் பெட்டிதான். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வரவேண்டும், வந்து நாலைந்து மாசம் இங்கிருந்தே சிங்கப்பூர் வேலையைப் பார்க்கவேண்டும், அதற்கு உங்கள் ஆபீசில் ஒத்துக்கொள்ளவேண்டுமென்றால் வருகிற திங்கட்கிழமை அவர்கள் வைக்கும் சோதனையில் நம் வீட்டு நெட் அறுந்துபோகாமல் நிற்கவேண்டும், இதுவரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொன்னபடி உன் பழைய லேப்டாப்பைத் துடைத்து உன் ரூம் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குப் புரியவில்லை. லைன் வந்து நிற்பது வாசல் ரூமில், உன் ரூம் இருப்பது கொல்லைப்பக்கம். ஒயரை உன் ரூம் வரைக்கும் இழுத்துவிடேன் என்று கேபிள்காரப் பிரபுவைக் கேட்டால், மழையில கம்பத்துல ஏறமாட்டேன் அத்தை, தீபாவளி கழியட்டும் என்கிறான். சரி, கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டுமே என்று நினைத்தேன், நம் வீட்டுக் கூடத்தில் நீ மீட்டிங் பேசினால் போகிற வருகிற சனமெல்லாம் எட்டிப் பார்த்து எப்ப வந்தே, எத்தனாவது மாசம், ஏன் இப்படி எளச்சுட்டே என்று கேட்கும், அது உன் மேனேஜர் காதிலும் விழும். உன் ரூம்தான் சரி.

அப்பா முதலில் தஞ்சாவூர் போய் வாங்கி வந்த பெட்டி சோப்பு டப்பா அளவு, இரண்டு கொம்பு. அதை மாட்டினால் வாசல் ரூமில் எல்லாம் பறக்கிறது, உன் ரூமில் ஒரு கோடு காட்டி அதுவும் போய்விடுகிறது. மறுபடி பஸ் ஏறிப் போனார். கடையிலிருந்த பெண் அவரைக் கேட்டாளாம், வீடு எத்தனை ஸ்கொயர் ஃபீட், எத்தனை ரூம், சுவர் செங்கலா கான்கிரீட்டா, எத்தனை போன் ஓடும் என்று. உனக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச வந்தபோதுகூட நம் வீட்டைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை. இவர் ஸ்கொயர் ஃபீட்டுக்கு எங்கே போவார், வீடு இத்தனை குழி வரும்மா என்று வயலை அளப்பதுபோல் சொல்லியிருக்கிறார், அவள் சிரித்துவிட்டு இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கறுப்பாக, சுற்றிலும் காலைத் தூக்கிக்கொண்டு, வரப்பில் வெயில் காய்கிற நண்டு மாதிரி இருக்கிறது. நான் நண்டுப் பெட்டி என்றுதான் சொல்கிறேன், அவருக்குக் கோபம் வருகிறது. பெட்டி ஒன்றுதான், ஆனால் போனில் பார்த்தால் இரண்டு பெயர் காட்டுகிறது. ஒன்று வேகமாகப் போகுமாம், ஆனால் தூரம் போகாதாம். இன்னொன்று தூரம் போகுமாம், ஆனால் வேகம் இல்லையாம். அப்படியானால் தூரமும் வேகமும் சேர்ந்து வேண்டியவர்கள் என்னதான் செய்வார்கள். ஒரு பெயரில் ஐந்து என்று போட்டிருக்கிறது, அது என் போனில் வருகிற ஃபைவ் ஜி இல்லையாம், அது வேறு ஐந்தாம். கேட்கக் கேட்கத் தலை சுற்றுகிறது.

உங்க அப்பாவுக்கு இதெல்லாம் சுற்றவில்லை. அவர் கணக்கே வேறு. எல்லாம் தண்ணி மாதிரிதான் ராமாயி, தலைமடைக்காரன் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டா கடைமடைக்கு எப்படி வரும் என்கிறார். புது ஆற்றுத் தண்ணீருக்குக் காலமெல்லாம் மண்வெட்டியோடு நின்ற மனுஷன், வேறெப்படி யோசிப்பார். பெட்டியைத் தூக்கி வாசல் ரூம் பரண்மேல் வைத்தார், மேட்டில் இருந்தால் தானாக இறங்கி ஓடுமாம். அதற்கப்புறம் மடை அடைக்கிற வேலை. வாசல் ரூமையும் உன் ரூமையும் தவிர வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டார், சிக்னல் வேறெங்கேயும் பாயாமல் நேராகக் கடைமடைக்குப் போகவேண்டுமாம். நான் அடுப்படிக்குள் புழுங்கிச் சாகிறேன். டிவிக்கு நெட் கிடையாது. என் போனுக்கு முறை வைத்திருக்கிறார், சாயங்காலம் என் முறை வந்தால்தான் தொடலாம். கோவிந்தராசு சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, அண்ணே இதுக்கு நடுவுல இன்னொரு பெட்டி போடணும், அது வாங்கி வாங்கிக் குடுக்கும் என்று தன் வீட்டில் சும்மா கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கூடத்தில் நெல் மூட்டைகளுக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தோம். பச்சை லைட் நன்றாகத்தான் எரிகிறது. உன் ரூமில் மட்டும் ஒன்றுமில்லை. நீ வீடியோவில் வந்தால் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோகிறாய், பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் பேராவூரணியிலிருந்து உன் மாமியார் போன் செய்தார். நல்லவர்தான், குறை சொல்லவில்லை. எங்க வீட்ல நெட்டு பிச்சுக்கிட்டுப் போகுது சம்பந்தி, அங்க சரிப்படலன்னா புள்ள இங்கயே இருந்துட்டுப் போகட்டும், தென்னந்தோப்பு காத்து, எளநி இருக்கு, நாங்க பாத்துக்க மாட்டமா என்றார். ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன், வைத்துவிட்டு அழுதேன். வளைகாப்பு போட்டு அவர்கள் அனுப்ப, நான் போய் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதுதானே முறை. நெட் வரவில்லை என்று தலைப்பிரசவத்துக்கு மாமியார் வீட்டில் இருந்த பெண் நம் ஊரில் உண்டா. இதை உன்னிடம் சொன்னபோது நீயும் பாக்கலாம்மா என்று சொன்னாய். அந்தப் பாக்கலாம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை. வரவேண்டும் என்று நெட்டைப் பார்க்கச் சொல்கிறாயா, வராமல் இருக்க நெட்டைச் சாக்காகச் சொல்கிறாயா. மனசில் வந்ததைக் கேட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஏழாம் மாசம் தாண்டினால் பிளேனில் ஏற்ற யோசிப்பார்கள் என்று நீயே சொன்னாய், நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தது. கூடத்தில் உன் ரூம் சுவரை ஒட்டித் தரையிலிருந்து பரண் வரைக்கும் அடுக்கியிருக்கிறோமே பூங்கார் நெல், அதில் ஈரம் ஏறி வாடை வந்தது. காயப்போடலாம் என்று அப்பாவும் வயல் வேலைக்கு வரும் வீரையனும் காலையிலேயே அத்தனை மூட்டையையும் வெளியே தூக்கிப்போய்க் களத்தில் கொட்டினார்கள். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா. நான் உன் ரூம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். உன் முகம் எவ்வளவு பளிச்சென்று வந்தது தெரியுமா. உன் மூக்குத்தி தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பது தெரிந்தது, பக்கவாட்டில் திரும்பி வயிற்றைக் காட்டினாயே, நான் போனிலேயே தடவிப் பார்த்தேன். அப்பா களத்திலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, பாத்தியா என் பெட்டியை என்று மீசையைத் தடவிக்கொண்டார். சாயங்காலம் கருக்கல் கட்டியதும் நெல்லை வாரி மூட்டை கட்டி மறுபடி பழைய இடத்திலேயே அடுக்கினார்கள். ராத்திரி நீ கூப்பிட்டபோது பழையபடி வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டாய். அப்பா நண்டுப் பெட்டியின் காலையெல்லாம் மாற்றி மாற்றித் திருப்பினார்.

எனக்கு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. பெட்டி அதே பெட்டி, லைன் அதே லைன், காலையில் வந்தது ராத்திரி எங்கே போனது. அப்புறம் அவர் வயலுக்குப் போயிருந்தபோது போனை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றால் கோடெல்லாம் நிறைந்திருக்கிறது. சுற்றிக்கொண்டு உன் ரூமுக்குள் போனால் ஒன்றுமில்லை. மறுபடி வெளியே வந்தால் இருக்கிறது, உள்ளே போனால் இல்லை. சுவருக்கு முன்னால் இன்னொரு சுவராக நெல் நிற்கிறது தமிழ்நிலா. சுவர் செங்கலா கான்கிரீட்டா என்று கேட்டவள், நெல் அடுக்கியிருக்கிறதா என்று கேட்கவில்லை பார். நெல்லுக்கும் நெட்டுக்கும் என்ன பகை என்று எனக்குத் தெரியாது, நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், எழுதும்போதே பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதை உங்க அப்பாவிடம் எப்படிச் சொல்வது. அந்தப் பூங்கார் யாருக்காக என்று உனக்குத் தெரியும். பிள்ளைத்தாச்சிக்கு நல்லது, பால் ஊறும், இடுப்புக்குப் பலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்த உடனே விதை தேடி அலைந்து, வீட்டுக்குப் பக்கத்து வயல் முழுக்க அதையே போட்டார். உரமூட்டை எட்டிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் குறுவையை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்க, இதில் ஒரு மணியை வெளியே விடமாட்டேன் என்று வீட்டுக்குள் அடுக்கினார். நானும் சும்மா இல்லை, கலப்பு நெல்லையெல்லாம் பொறுக்கி, பதர் போகத் தூற்றி, என் கையாலேயே சாக்கில் அள்ளிப் போட்டேன். நீ வந்தால் சாப்பிட வைத்த நெல்தான் உன்னை வரவிடாமல் மறிக்கிறது என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ஒரு யோசனை. கடுதாசி கையில் கிடைத்ததும் சனிக்கிழமையே அப்பாவுக்குப் போன் போட்டு, அப்பா எனக்குப் பூங்கார் அவல் திங்கணும்போல இருக்கு, நெல்லை இப்பவே மில்லுக்குக் கொண்டுபோய் இடிச்சு வையுங்க என்று சொல். நீ கேட்டால் அவர் மூட்டையைத் தலையில் சுமந்தாவது கொண்டுபோவார். சுவரும் காலியாகிவிடும், அவருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

இதுவரை எழுதிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வீரையனும் அப்பாவும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டேன். அங்க காத்து இல்ல, நெல்லு பூஞ்சணம் புடிச்சிரும் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கொண்டுபோய் அடுக்குவது எங்கே என்று நினைக்கிறாய், ஜன்னலே இல்லாத எங்கள் ரூமில். கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாத்திவிட்டார்கள். அங்கே மட்டும் எந்தக் காற்று வருகிறது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று அவர் மூட்டைப் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், என்ன செய்கிறீர்கள் என்றேன், எலி வருதான்னு பாக்குறேன் என்றார், நானும் நம்பிவிட்டேன். அவரும் என்னைப் போலவே நடந்து பார்த்திருக்கிறார். நான் பொறுக்கித் தூற்றிக் கட்டிய நெல் என்று என்னிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. இல்லை நிஜமாகவே பூஞ்சணம்தானோ என்னவோ, இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குச் சில நேரம் ஒன்றும் விளங்குவதில்லை.

அதனால் அவல் கதை வேண்டாம், நீ எதுவும் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே. திங்கட்கிழமை நெட் நின்றுவிட்டால் நண்டுப் பெட்டி பிரமாதம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல், அது போதும் அவருக்கு. ஊறுகாயை அளவோடு சாப்பிடு, எண்ணெய் மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் மெதுவாக இறங்கு. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இர்பானுக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டு அனுப்பு, அவன் அம்மா எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறாள். குலதெய்வம் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், இரண்டு உயிராக இருக்கிறவள் நல்லபடியாக என் மடிக்கு வந்து சேர்.

சாயங்காலம் முறை வைக்காமலேயே அப்பா என் கையில் போனைக் கொடுத்து உன் ரூமில் போய் உட்காரச் சொன்னார், கோடு நிறைய இருக்கிறது, ஆனால் நீ ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று கூப்பிடவில்லை. உன் கட்டிலில் புதுப் போர்வை விரித்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் இன்றிலிருந்து படுக்கை கூடத்தில்தான், நெல் இருந்த இடத்தில், உன் ரூம் சுவரை ஒட்டி. நாங்கள் மறித்துக்கொண்டு படுத்தாலும் சிக்னல் எங்களைத் தாண்டி உன்னிடம் வந்துவிடும் என்று அப்பா சொல்கிறார்.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா,
ஐயாவு ராமாயி