விட்டுப்போன மைனஸ்

12 ஆகஸ்ட் 1998, புதன்

தலைமையாசிரியை கேட்டபடி, பிள்ளைகள் கம்ப்யூட்டர் லேபில் போடும் கணக்கு ஹோம்வொர்க்கின் மார்க்கையும் பள்ளியின் அட்டென்டன்ஸையும் இன்று ஒரே ஃபைலில் சேர்த்தேன். சேர்த்ததுமே வில்லங்கம். அம்மை போட்டிருந்ததால் போன வாரம் முழுக்கப் பள்ளிக்கே வராத எட்டாம் வகுப்பு ஃபாத்திமா, தினமும் லேபில் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ப்ரோகிராமில்தான் கோளாறு என்று மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அவள் பக்கத்தில் உட்காரும் கீதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை.

"அவ பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் மிஸ். சைபர் விழுந்தா அவங்கப்பா திட்டுவாரு. அதான் நானே போட்டேன்."

"தினமும் ஒரு கணக்கு தப்பா இருக்கே?"

"அவ எப்பவும் எங்கயாவது மைனஸை விட்டுடுவா மிஸ். அதனால நானும் விட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வகுப்புக்கு அனுப்பினேன்.

நாளை காலை ஃபைலைக் கொடுத்தாக வேண்டும். ஃபாத்திமாவின் மார்க்கை அழிப்பது பெரிய வேலையில்லை. ஆனால் திருவான்மியூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் கீதாவின் மார்க்கையும் பார்த்துத் தொலைத்தேன். லேபில் ஆளுக்கு அரை மணி நேரம்தான். அந்த வாரம் முழுக்க அவளுடைய சொந்தக் கணக்குகள் பாதியிலேயே நிற்கின்றன.