அண்ணை பூட்டிய மோட்டர்

அண்ணை,

சோழகக் காற்றுப் பெயர்ந்து வீசத் தொடங்கிவிட்டது. இன்று விடிய எழும்பி முற்றத்துக்கு வந்தபோது, வெங்காயத் தோட்டங்களின் செம்புழுதி முகத்தில் அடித்தது. மச்சாள் கொட்டிலுக்குள் சைக்கிளைச் சாய்த்துவைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். புழுதியும் அந்த எண்ணெயும் சேர்ந்த மணம் மூக்கில் ஏறியதும் கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிட்டேன். அது நீங்கள் போட்டுத் திரிந்த சேட்டின் மணம். ஒரு சோழகக் காலம் முழுவதும் நான் அதைத்தான் சுவாசித்து உயிரோடு இருந்தேன்.

வாரத்தில் மூன்று தரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வந்தால்தான் எனக்கு அடுத்த முறை வரைக்கும் மூச்சு. உங்கள் வீட்டின் பக்கத்து அறையில் ஒரு தையல் மெசினோடு இருந்தவளுக்கு, நாற்பது வயதில் இந்த மெசினும் வந்து சேர்ந்தது. கலியாணம் செய்யவில்லை. ஐயாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நீங்களும் உங்களைக் கட்டிய மச்சாளும்தான் எனக்கு ஆட்கள். என் சிறுநீரகங்கள் பழுதென்று தெரிந்தவுடனேயே, உங்களுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு பரிசோதனைக்குப் போனீர்கள். இரத்த வகை சேராது என்றார்கள். நான் வாசலில் நின்று அழ, நீங்கள் சேட்டுக் கையை இறக்கிவிட்டபடி வந்தீர்கள்.

"கிட்னி சேராட்டி என்ன பிள்ளை, கால் சேரும்தானே. நான் கொண்டுபோய்க் கொண்டுவாறன்."

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொண்டுவந்தீர்கள். பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. மயிலிட்டியில் வள்ளங்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் கட்டிக்கிடந்தன. வள்ள என்ஜின் திருத்தும் உங்களுக்கு வேலையும் இல்லை. பகல் முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்று வெறும் தாங்கியோடு வண்டியை உருட்டிக்கொண்டு வருவீர்கள். ஓட்டோக்காரர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். அம்புலன்சை உயிர் போகிற நேரத்துக்குக் கூப்பிடலாம், அதுவும் எண்ணெய் இருந்தால்தான் வரும். வாரத்துக்கு மூன்று தரம் கூப்பிடமுடியாது.

ஒருநாள் புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றோம். வந்த பஸ் ஒவ்வொன்றிலும் மிதிபலகை வரைக்கும் ஆட்கள் தொங்கினார்கள். ஒன்று நின்றது. நீங்கள் என்னைத் தூக்கி ஏற்றப் பார்த்தீர்கள். கால் வைக்க இடம் இல்லை. வெயில் ஏறியது, என் முறை தவறியது, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த நாள் என் கால்கள் வீங்கின. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறியது. சுவரில் சாய்ந்து குந்தியிருந்தபடி மூச்சை எட்டி எட்டிப் பிடித்தேன். நீங்கள் அறை வாசலில் நின்று பார்த்தீர்கள். உங்கள் முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை.

அன்றைக்குத்தான் உங்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. உங்களோடு பள்ளிக்கூடம் படித்த வல்வெட்டித்துறை நண்பர் நோர்வேயிலிருந்து தன் தகப்பனுக்கு அனுப்பிய பெட்டி. சைக்கிளில் பூட்டுகிற மோட்டரும் பற்றரியும் அதற்குள் இருந்தன. சைக்கிளில் பொருத்துவதற்கு முன்பே அந்தத் தகப்பன் காலமாகிவிட, பெட்டி பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது. நீங்கள் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, நண்பரின் குரல் எனக்கே கேட்டது.

"மச்சான், பூட்டை உடைச்சு எடு. இதுக்கெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு நிக்காதை."

காற்றுக்குள் வல்வெட்டித்துறைக்கு மிதித்துப் போய், கரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மத்தியானமே திரும்பி வந்தீர்கள். ஒரு வாய் சோறும் தின்னாமல் ஐயாவின் பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தீர்கள். நான் கொட்டில் வாசலில் கதிரை போட்டுச் சாய்ந்திருந்தேன். என் பயத்தைப் போக்கவோ, உங்கள் பயத்தைப் போக்கவோ, கதைத்தபடியே வேலை செய்தீர்கள்.

"இது சில்லுக்குள்ளை வைக்கிற மோட்டர் இல்லை பிள்ளை. பெடல் சுத்துற நடுவிலை வைக்கிறது. நான் மிதிக்கேக்கை இன்னொரு ஆளும் உள்ளுக்கை இருந்து மிதிக்கிற மாதிரி. செயினைத்தான் அது இழுக்கும். பாரம் எண்டாலும் இழுக்கும்."

பழைய பெடல் அச்சைக் கழற்றினால்தான் அந்த ஓட்டைக்குள் மோட்டரைச் செருகலாம். இடது பக்கத்து மூடி கழன்றுவிட்டது. வலது பக்கத்து மூடி அசையவில்லை. ஐயாவின் காலத்துத் துரு. தேங்காய் எண்ணெய் விட்டீர்கள், சுத்தியலால் தட்டினீர்கள், திருகுசாவியில் இரும்புக் குழாயைப் போட்டு முழுப் பாரத்தையும் கொடுத்தீர்கள். சாவி வழுக்கி உங்கள் விரல் மூட்டுகளெல்லாம் கிழிந்தன. கடைசியில் சாவியை எறிந்துவிட்டு நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

மச்சாள் அதுவரைக்கும் சைக்கிள் ஆடாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் என் சிறுநீரக வருத்தம்தான் மூத்த பிள்ளையாக வளர்ந்தது. அது அவருக்குப் பாரம் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமலே உங்களிடம் சொன்னார்: "மற்றப் பக்கமாத் திருப்பிப் பாருங்கோவன்."

"உனக்கென்ன விசரே, அப்பிடித் திருப்பினா இறுகும்."

"இப்ப மட்டும் என்ன, கழண்டே கிடக்குது?"

நீங்கள் கோபத்தில்தான் திருப்பினீர்கள். மூடி ஒரு முனகலோடு கழன்றது. அந்தப் பக்கத்துத் திருகுப்புரி எதிர்ப்புரி. அவ்வளவு நேரமும் நீங்கள் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய இடம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மச்சாள் உங்கள் விரல்களைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை கரியரில் தலையணையைக் கட்டி என்னை இருத்தினீர்கள். பற்றரி வருடக்கணக்காகக் கிடந்ததால் பாதிதான் தாங்கும் என்று பார்த்தவுடனேயே சொல்லிவிட்டீர்கள். நீர்வேலி தாண்டும்வரை அது இழுத்தது. நீங்கள் சொன்னது போலவே யாரோ உள்ளே இருந்து மிதித்தார்கள். கோப்பாய் வெளியில் காற்று எதிர்த்து அறைந்தது. நீங்கள் விசையை முழுதாகத் திருப்பினீர்கள். மோட்டர் இழுத்த இழுப்பில் ஐயாவின் பழைய செயின் அறுந்து ரோட்டில் விழுந்தது.

நீங்கள் குனிந்து எடுத்துப் பார்த்தீர்கள். இரண்டு மூன்று கண்ணிகள் பிளந்திருந்தன. என்னைக் கரியரில் வைத்தபடியே தள்ளத் தொடங்கினீர்கள். காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. எனக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது.

"என்னை விடுங்கோ அண்ணை. நான் இதிலை இருக்கிறன். நீங்கள் பட்டது காணும்."

"கதைக்காதை. கதைச்சா மூச்சுப் போகும்."

"ஏலாது அண்ணை."

"எனக்கும்தான் ஏலாது. ஆரு கேட்டது?"

கொஞ்சத் தூரத்தில் பெற்றோல் வரிசையின் வால் தெரிந்தது. மோட்டார் சைக்கிள்களின் நிழலில் ஆட்கள் சாய்ந்து கிடந்தார்கள். என்னை மதிலோடு சாய்த்து இருத்திவிட்டு, அறுந்த செயினைக் கையில் பிடித்தபடி வரிசை நெடுக ஓடினீர்கள். ஆரிடமும் எதுவும் இரந்து கேட்காத நீங்கள், ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டீர்கள். "தம்பி, சைக்கிள்ச் செயின் ஒண்டு இருக்கே? ஐயா, ஆரும் சைக்கிளிலை வந்தவை இருக்கினமே?" சிலர் தலையாட்டினார்கள், சிலர் உங்களை விசரனைப் போலப் பார்த்தார்கள்.

மகனுக்காக வரிசையில் இடம் பிடித்து நின்ற ஒரு பெரியவர், தன் சைக்கிளோடு உங்களுக்குப் பின்னால் வந்தார். என்னை ஒருதரம் பார்த்தார். சைக்கிளைச் சரித்து, செயினின் இரண்டு நுனியையும் இணைக்கிற கொழுவியைக் குறட்டால் நெம்பிக் கழற்றி, தன் செயினை உங்கள் கையில் கொடுத்தார்.

"நீங்கள் எப்பிடிப் போறது ஐயா?"

"இண்டைக்கு இந்த வரிசை எங்கையும் போகாது. நீ பூட்டு."

நீங்கள் பூட்டினீர்கள். உங்கள் அவசரத்தில் கொழுவி இரண்டு தரம் புழுதிக்குள் விழுந்தது. அவர்தான் தேடி எடுத்துத் தந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றியது வரைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. கண் விழித்தபோது மெசின் சுற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் கட்டில் காலடியில் நின்று, கருத்த கைகளை என் போர்வையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு அந்தச் சோழகம் முழுவதும் அப்படியே போய் வந்தோம். நான் மெசினில் கிடக்கிற நேரத்தில் நீங்கள் எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் பற்றரியைச் சார்ஜுக்குப் போட்டுக் காத்திருப்பீர்கள். கரண்ட் நின்ற நாள்களில் அரைப் பற்றரியோடு புறப்பட்டு, அது செத்ததும் மிச்சத் தூரத்தை மிதித்தீர்கள். மோட்டரின் பாரமும் என் பாரமும் சேர்ந்து அந்தச் சைக்கிள் மாட்டு வண்டில் போலக் கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பீர்கள். "காத்து" என்பீர்கள். நானும் காற்று என்றுதான் நம்பினேன்.

பெற்றோல் திரும்பி வந்தது. "இனி அதை நம்பி இருக்கேலாது" என்று நீங்கள் சைக்கிளை விடவில்லை. ஊர் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நான் நினைத்திருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. என்னை ஆஸ்பத்திரி வாட்டில் விட்டுவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனீர்கள். வயரைக் கொழுவினீர்கள். வாங்குப் பலகையில் இருந்தீர்கள். கடைக்காரர் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தீர்களாம். அவரும் இன்னும் இருவரும் உங்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடியிருக்கிறார்கள். டொக்டர்மார் கனநேரம் போராடியிருக்கிறார்கள். அதே கட்டடத்தில், சில சுவர்களுக்கு அப்பால், நான் மெசினில் கட்டுண்டு கிடந்தேன்.

தாதிப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்தது. வழமையில் பிடிக்கிற பிடி அல்ல அது. "என்ன பிள்ளை?" என்றேன்.

"ஒண்டுமில்லை அக்கா. இரத்தமெல்லாம் திரும்பி உள்ளை போகட்டும். பிறகு எழும்புவம்."

அண்ணை, என் இரத்தம் முழுவதும் எனக்குள் திரும்பி வந்தபிறகுதான் சொன்னார்கள்.

உங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் கால் அந்தக் கடைக்குப் போனது. சைக்கிள் சுவரோடு நின்றது. சார்ஜரில் பச்சை வெளிச்சம். பற்றரி நிறைந்துவிட்டது. கடைக்காரர் வயரைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செத்தவீடு முடிந்தபின் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகவேண்டியவள் நான்தானே. எல்லோரும் அதற்குத்தானே ஆயத்தமாக இருந்தார்கள், நானும் கூட. ஒரு முறை தவறியது. கால் வீங்கியது. இந்தத் தடவை அந்த வீக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் சாய்ந்திருந்து, நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறட்டும் என்று பார்த்திருந்தேன். மச்சாள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"எழும்பு."

"என்னை விடுங்கோ மச்சாள். உங்களுக்கும் ஆறுதல்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் முன்னால் நிலத்தில் இருந்தார். "நீயும் போனா, அந்த மனுசனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். பிறகு என் வீங்கிய கால்களுக்குச் செருப்பைக் கொழுவினார். அது ஏறவில்லை. வெறுங்காலோடு கரியரில் ஏற்றினார். தோட்டத்துக்கும் சந்தைக்கும் சைக்கிளில் போய் வருகிறவர்தான்; ஆனால் மோட்டர் உள்ள சைக்கிளைத் தொட்டதில்லை. விசையைத் திருப்பியதும் அது பாய, வாசல் படலையில் இடித்தோம். இறங்கி, நிமிர்த்தி, மறுபடி ஏறினார். அன்றிலிருந்து அவர்தான்.

எனக்கு ஆறவில்லை அண்ணை. ஆறிவிட்டதென்று எழுதினால் அது பொய். வாரத்தில் மூன்று தரம் நீங்கள் செத்த இடத்துக்கே போய் உயிர் வாங்கிக்கொண்டு வருகிறேன். மெசினில் கிடக்கும்போது, ஏன், எதற்கு என்று மனம் அரற்றுகிறது.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். எதிர்க்காற்றில் மூச்சு முட்டாமலிருக்க, நான் எப்போதும் உங்கள் முதுகில் கன்னத்தை ஒட்டிக்கொண்டுதான் வருவேன். உங்கள் நெஞ்சு அடிப்பது என் காதுக்குள் கேட்கும். புத்தூரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து புத்தூர் வரைக்கும். உலகத்தில் அந்த இதயத்தை அவ்வளவு நேரம் கேட்டவள் நான் ஒருத்தி. அது களைத்துவிட்டதென்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் வலது காதில் இருக்கிறது. தையல் மெசினை மிதிக்கும்போது, நடுவில் நிறுத்தி அதைக் கேட்கிறேன்.

இன்று காற்று பலமாக இருந்தது. இருபாலை கடந்தபோது மச்சாளுக்கு இளைத்தது. "காத்து" என்றார். ஆஸ்பத்திரிக்குள் போனதும், மச்சாள் டொக்டரிடம் நெஞ்சைக் காட்டினால்தான் நான் மெசின் கட்டிலில் ஏறுவேன் என்று நிலத்தில் இருந்துவிட்டேன்.

"எனக்கென்னடி வருத்தம்? உனக்கு நேரம் போகுது."

"போகட்டும்."

தாதிப் பிள்ளை சிரித்துக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனது. ஆரோ கதைத்து, டொக்டர் ஒருவர் பார்த்து, நெஞ்சுத் துடிப்பைப் படமும் எடுத்திருக்கிறார்கள். மச்சாள் கடுதாசியை ஆட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் இல்லையாம். நெஞ்சு கல்லுப் போல உறுதியாக இருக்கிறதாம்.

நான் நம்பவில்லை. திரும்பி வருகிற வழி முழுவதும் அவருடைய முதுகில் காதை வைத்து, கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.